முப்பத்தோராவது ஃபோல்டர்

ஆபரேட்டரம்மாவின் வீட்டு அழைப்பு மணி இரண்டு முறை அடித்தும் அவள் எழுந்திருக்கவில்லை. துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தால் அது பக்கத்து வீட்டுக்கு என்று காது பழகிப்போயிருந்தது. மூன்றாம் முறை யாரோ கதவையே தட்டியபோதுதான் நமக்குத்தான் போலிருக்கிறது என்று கையிலிருந்த துண்டோடு போய்த் திறந்தாள்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். கழுத்தில் தையல்காரர்கள் போட்டுக்கொள்ளும் அளவு நாடா தொங்கியது.

"தொலைஞ்சதக் கண்டுபிடிச்சுத் தர்றவங்க நீங்கதானே?"

"ஆமா. உங்களுக்கு எது தொலைஞ்சுது?"

"ஒரு மணி நேரம்," என்றாள் வந்தவள். "தினம் நாலுலேருந்து அஞ்சு வரைக்கும்."

ஆபரேட்டரம்மா ஒதுங்கி வழி விட்டாள். இப்படிச் சொல்கிறவர்களை வாசலில் நிற்கவைத்துப் பேசக் கூடாது.

அவள் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் வேலை. அவள் இடத்தில் இயந்திரம் வந்து உட்கார்ந்த பிறகு துப்பறியத் தொடங்கினாள். ஊர்ச் செய்தியெல்லாம் காதில் வாங்கி ஒன்றையும் வாயில் போடாமல் இருந்தவளுக்கு வேறு எந்த வேலை பொருந்தும்?

தையல்காரம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "பார்வை இல்லாதவங்களுக்காகப் புத்தகம் வாசிச்சு ரெக்கார்டு பண்ற ஒலி நூலகம் இருக்கில்ல, அங்க நான் எட்டு வருஷமா வாசிக்கறேன். முந்தாநாள் புதன்கிழமை நான் வாசிச்சிட்டிருக்கும்போதே கம்ப்யூட்டர்ல எடம் இல்லாமப் போச்சாம். அதுல கம்ப்ரஷன்னு ஒண்ணு இருக்காம். யாரோ அத எடுத்து விட்டதாலதான் அப்படி ஆச்சாம். அந்த யாரோ நான்தான்னு செயலாளர் சொல்றார். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நான் இல்லேன்னு காட்டணும். இல்லேன்னா என் நேரத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவார்."

"நீங்க எடுத்தீங்களா?"

"எனக்குத் தையல் பிரிச்சு எடுக்கத் தெரியும். வேற எதையும் எடுக்கத் தெரியாது."

"வேற எங்கயாவது வாசிக்கலாமே."

கடமைக்குக் கேட்ட கேள்விதான். தையல்காரம்மா நாடாவின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

"கடைய மூடி மூணு வருஷம் ஆச்சு. நாடாவக் கழட்டத்தான் மனசு வரல. பையன் ஞாயித்துக்கிழமை பேசுவான். மத்த ஆறு நாளும் நான் வாயத் தொறக்கறது அந்த ஒரு மணி நேரந்தாங்க. அதுவும் போச்சுன்னா..." நாடாவை நீவிவிட்டுக்கொண்டாள்.

ஆபரேட்டரம்மா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். இன்று வெள்ளி. இவள் வரும் முன் தான் கடைசியாக வாய் திறந்து பேசியது எப்போது? நேற்றுக் காலை, பால்காரரிடம். "போதும்" என்ற ஒரே சொல்.

"துண்ட மடிச்சு வெச்சிட்டு வர்றேன். கெளம்பலாம்," என்றாள்.

*

போகிற வழியில் திருப்புளியை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். கணினி பழுது பார்ப்பவன். நாற்பத்தைந்து வயது. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும்; அதுவே பெயராகிவிட்டது. உலகத்தில் எதையும் முடுக்கிவிடும் இவன் வாயை முடுக்க மட்டும் கருவி இல்லை என்பது அவன் மனைவியின் கருத்து. ஆபரேட்டரம்மாவுக்கு கணினி எட்டிக்காய். ஆகவே மூளை அவளுடையது, விரல் அவனுடையது என்று ஒப்பந்தம்.

ஒலி நூலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. சத்தம் எதிரொலிக்காமல் இருக்க பதிவறையின் நான்கு சுவரிலும் கம்பளி தைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு மைக், ஒரு நாற்காலி, ஒரு கணினி. கதவைச் சாத்தியதும் காதுக்குள் பஞ்சு வைத்தது போலிருந்தது.

செயலாளர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டே பேசுகிறவர்.

"கேஸ் ரொம்ப சிம்பிள்ங்க. இந்த டிஸ்க் பழசு. எடம் பத்தாம கம்ப்ரஷன் போட்டு வெச்சிருக்கோம். எல்லாத்தையும் சுருக்கி வெச்சாத்தான் உள்ள அடங்கும். போன வாரம் வியாழக்கிழமை இந்த அம்மா வந்து, 'ஃபைல் பேரெல்லாம் ஏன் நீலமா இருக்கு'ன்னு கேட்டாங்க. நானே ஒக்காந்து விளக்கினேன். சரியா ஆறாம் நாள் கம்ப்ரஷன் போச்சு. இவங்க நேரத்துல, நாலு இருபத்திரண்டுக்கு டிஸ்க் ரொம்பி ரெக்கார்டிங் நின்னுடுச்சு. கேட்ட வாய் இவங்களோடது, இருந்த ஆளு இவங்க. இன்னும் என்ன வேணும்?"

"நின்னது தெரியாம முப்பத்தெட்டு நிமிஷம் காத்துல வாசிச்சிருக்கேன்," என்றாள் தையல்காரம்மா. குற்றச்சாட்டைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்ததாகத் தெரிந்தது.

"எதிர்ல இருக்கற திரையில தெரியாதா?" என்றாள் ஆபரேட்டரம்மா.

"திரைய அணைச்சுடணும். அதோட 'ங்ங்'ங்கற சத்தம் மைக்ல ஏறுது. ரெக்கார்டிங் ஆரம்பிச்சதும் திரைய அணைக்கறது இங்க விதி. நான் போட்ட விதி."

"கண்ணில்லாதவங்களுக்கு வாசிக்கற எடத்துல கம்ப்யூட்டருக்கும் கண்ணக் கட்டிட்டீங்க," என்றான் திருப்புளி. "பொருத்தந்தான். பாஸ்வேர்டு எத்தன பேருக்குத் தெரியும் சார்?"

"வாசிக்கற நாப்பத்தாறு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. நாங்க ஒரு குடும்பம் மாதிரி."

"அதான பாத்தேன். குடும்பத்துலதான் யார் எடுத்தான்னே தெரியாம போகும்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் போட்டான். ஆபரேட்டரம்மா பின்னால் நின்றாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"நீங்க வீட்ல துணி மடிப்பீங்கல்ல அக்கா? அதேதான். ஒரு ஃபைல்ல ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தா, அத அப்படியே எழுதி வைக்காம 'இது நூறு தடவ'ன்னு மடிச்சு வெச்சுடும். திறக்கும்போது தானே பிரிச்சுக் காட்டும். மடிச்சு வெச்ச ஃபைலுக்கு நீலத்துல பேரு. மடிப்பக் கலைச்சா கறுப்பு. கலைக்கறது ரொம்ப சுலபம். இதோ, டிரைவ் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். கீழ ஒரு சின்னக் கட்டம். அதுல இருக்கற டிக்க எடுத்தா தீந்துது. ஆனா..." அவன் பேச்சை நிறுத்தினான். அவன் பேச்சை நிறுத்தினால் விஷயம் இருக்கிறது என்று அர்த்தம்.

"என்ன ஆனா?"

"டிக் எடுக்க ஒரு செகண்டு போதும். ஆனா அலமாரி முழுக்க இருக்கற துணிய ஒண்ணு ஒண்ணாப் பிரிக்கணுமே. இந்தக் கிழட்டு மெஷின் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பிரிக்கும். டிஸ்க் ரொம்பவே ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது."

"நாலு இருபத்திரண்டுக்கு ரொம்பியிருந்தா?"

"மூணு இருபதுக்கு முன்னாடியே யாரோ அடுப்பப் பத்த வெச்சாச்சு. இந்த அம்மா நாலு மணிக்கு வந்து கொதிக்கற பானை மேல ஒக்காந்துட்டாங்க. திரை இருட்டு. பானை தெரியல."

சாவிக்கொத்து சுழல்வது நின்றது.

"மூணு மணிக்கு இந்த அறையில யாரு?" என்று ஆபரேட்டரம்மா கேட்டாள்.

செயலாளர் சிரித்துவிட்டார். "அவரா? அது கணீர் சார்ங்க. இருபது வருஷமா வாசிக்கறார். இந்த நூலகத்துக்கே அவர் குரல்தான் முகம். அவர் ஏன் இதத் தொடறார்? அவருக்கு முன்னாடி வந்தவங்க யாராவது செஞ்சிருப்பாங்க."

"அக்கா," என்றான் திருப்புளி. "இங்க கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

திரையில் நாற்பத்தாறு ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன, வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று. ஒன்றிலிருந்து பத்தொன்பது வரை கறுப்பு. இருபதிலிருந்து கடைசி வரை நீலம்.

"வரிசையாப் பிரிச்சுட்டு வந்திருக்கு. இருபதுக்கு வரும்போது டிஸ்க் ரொம்பி நின்னுடுச்சு," என்றாள் அவள்.

"இன்னும் கொஞ்சம் கீழ பாருங்க."

அவள் விரலால் எண்ணிக்கொண்டே போனாள். நீலம், நீலம், நீலம். நடுவில் திருஷ்டிப் பொட்டு போல ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தது.

முப்பத்தொன்று.

"வரிசை அங்க போகவே இல்ல. அதுக்கு முன்னாடியே அத யாரோ தனியாப் பிரிச்சிருக்காங்க," என்றான் திருப்புளி. "தன் வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிச்சாரு. பிரிச்சதுக்கப்புறந்தான், தெருவுல இது ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு கண்ணக் குத்தும்னு தோணியிருக்கு. சரின்னு தெருவுக்கே வெள்ளையடிக்க ஆரம்பிச்சாரு. பாதித் தெருவுல சுண்ணாம்பு தீந்துபோச்சு."

"முப்பத்தொண்ணு யாரோடது?"

தையல்காரம்மாதான் சொன்னாள், மிக மெதுவாக. "கணீர் சாரோடது."

"பொறாமையா இருக்கும்," என்றார் செயலாளர் தடுமாறி. ஒரு குற்றவாளியை இழந்தவர் அவசரமாக இன்னொருவரைத் தேடுவார். "இந்த அம்மாவோட வாசிப்பப் பாராட்டி இப்பெல்லாம் நெறைய போன் வருது..."

"அவருக்கு என்மேல என்ன பொறாமை?" என்றாள் தையல்காரம்மா. "அவர் வாசிச்சத ரேடியோப் பொட்டி மாதிரி கடையில போட்டு வெச்சுட்டுத்தான் நான் தைப்பேன். அந்தக் குரலக் கேட்டுத்தான் வாசிக்கவே வந்தேன்."

ஆபரேட்டரம்மா கம்பளிச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். குரல் என்றதும் அவளுடைய பழைய காது விழித்துக்கொண்டது.

"சார், நீலத்துக்கு விளக்கம் சொன்னீங்களே, அப்ப என்ன சொன்னீங்க? சொன்ன வார்த்தையையே சொல்லுங்க."

"சுருக்கறதப் பத்திதான். பேச்சு இருந்தா எடம் பிடிக்கும், ஒண்ணும் பேசாம வெறும் ரெக்கார்டிங் ஓடினா எடமே பிடிக்காதுன்னு சொன்னேன். டிஸ்க் ரொம்பப் போகுது, அதனால இந்த மாசக் கடைசியில யார் யார் எவ்வளவு எடம் பிடிச்சிருக்காங்கன்னு பட்டியல் எடுக்கப் போறேன்னும் சொன்னேன்."

"அப்ப பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"யாரும் இல்ல. கணீர் சார் மட்டும் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டிருந்தார்."

"ஒரு ஆள் நின்னிருக்கார், யாரும் இல்லேங்கறீங்க," என்றாள் ஆபரேட்டரம்மா. "கடைசியா அவர் பேசி நீங்க எப்பக் கேட்டீங்க?"

"தினம் வர்றாரே. மூணு மணிக்கு வருவார், தலைய அசைப்பார், கையெழுத்துப் போடுவார், நாலு மணிக்குப் போவார்."

"பேசி எப்பக் கேட்டீங்க?"

செயலாளர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். "குரலப் பத்திரமா வெச்சுக்கறார்னு நெனச்சோம். பெரிய குரல் உள்ளவங்க அப்படித்தானே... நடுவுல உடம்பு சரியில்லன்னு ஒரு மாசம் வரல. வந்தப்புறம்... ஒரு அஞ்சு மாசம் இருக்குமா?" அவர் தையல்காரம்மாவைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மணிக்குக் கதவருகே அவருக்கு வழி விட்டு நிற்பவள் அவள்தான்.

"அவர் ரெக்கார்டிங்க யாரும் கேட்டுப் பாக்கறதில்லையா?"

"கணீர் சார் வாசிச்சா அதுல தப்பு இருக்காதுங்க. பழசெல்லாம் வெளியிட்டு இதுலேருந்து எடுத்தாச்சு. உடம்பு தேறி வந்தப்புறம் ஆரம்பிச்சது ஆறு பாகம் உள்ள பெரிய புத்தகம். மொத்தமா முடிஞ்சப்புறம் வெளியிடலாம்னு..."

"திருப்புளி, முப்பத்தொண்ண மறுபடி மடிச்சுக் காட்டு."

அவன் அந்த ஃபோல்டரை மட்டும் சுருக்கக் கொடுத்தான். பச்சைக் கோடு ஊர்ந்தது. ஒவ்வொரு பெயராக நீலமாயிற்று. முடிந்ததும் ஒரு ஃபைலைத் திறந்து அதன் அளவைக் காட்டினான். இந்த முறை அவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

"ஒரு மணி நேர ரெக்கார்டிங். முன்னூத்திப் பதினேழு எம்பி. டிஸ்க்ல பிடிச்ச எடம் நாலு கேபி. அதுகூட ஃபைலோட மேலுறைக்கு. உள்ள ஒண்ணுமே இல்லக்கா. மைக்க அணைச்சு வெச்சுட்டு ரெக்கார்டிங்க ஓட விட்டிருக்கார்." அவன் அடுத்ததைத் திறந்தான். நாலு கேபி. அதற்கடுத்தது. நாலு கேபி. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைப்பாங்க. இவர் இல்லாத பூசணிக்காய இருக்கறதாக் காட்டப் பாத்திருக்கார். பிரிச்சு வெச்சா பேச்சும் மௌனமும் ஒரே எடத்தத்தான் பிடிக்கும். பட்டியல்ல வித்தியாசம் தெரியாது."

ஐந்து மாதமாகத் தினமும் மூன்றிலிருந்து நாலு வரை இந்தக் கம்பளிச் சுவர்களுக்கு நடுவே ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்.

என் ஒரு நாளை இந்த டிஸ்க்கில் போட்டால் எவ்வளவு பிடிக்கும் என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தோன்றியது. காலை எழுந்தது, பால் வாங்கியது, துணி மடித்தது, விளக்கை அணைத்தது. நேற்றும் அதே, முந்தாநாளும் அதே. 'இது நூறு தடவை' என்று ஒரு வரி எழுதி மடித்து வைத்துவிடலாம். மேலுறைக்கு நாலு கேபி. "போதும்" என்ற ஒரு சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

"இது ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு," என்றான் திருப்புளி. "நூத்தி இருபத்தி நாலு ஃபைல்ல இது ஒண்ணுதான் பத்து எம்பி. முதல் ஃபைல். ரெண்டு நிமிஷம் என்னமோ இருக்கு."

அவள் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டிக்கொண்டாள். இருபத்தாறு வருடம் மாட்டிய காது. தானாகவே சரியான இடத்தில் பொருந்தியது.

முதலில் ஒன்றுமில்லை. அவளுக்கு மூன்று வகை மௌனம் தெரியும். கம்பி அறுந்த மௌனம், ரிசீவரை வைத்துவிட்டுப் போனவரின் மௌனம், ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே பேசாமல் இருப்பவரின் மௌனம். இது முதல் வகை. பிறகு ஒரு 'டிக்'. மைக் உயிர் பெற்றது. மூன்றாம் வகை தொடங்கியது. நாற்காலி முனகியது. யாரோ மூச்சு இழுத்தார்.

'பாடம் ஒன்று.'

தகரத்தில் ஆணி இழுத்ததுபோல ஒரு சத்தம். குரல் என்று சொல்ல முடியாது. குரல் இருந்த இடத்தில் மிச்சமிருந்தது. மறுபடி மூச்சு. 'பாடம் ஒன்று.' மறுபடி. நான்காம் முறை 'பாடம்' என்பதோடு நின்றது. பக்கம் மூடும் ஓசை. 'டிக்'. கம்பி அறுந்தது.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றித் தையல்காரம்மாவிடம் நீட்டினாள். அவள் கேட்டாள். கேட்டு முடித்ததும் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சிறியதாகச் சுருட்டி, கையில் பொத்திக்கொண்டாள்.

*

சரியாக மூன்று மணிக்கு கணீர் சார் வந்தார். உயரமான மனிதர், நன்றாகத் தேய்த்த சட்டை. தொண்டையை மறைத்து ஒரு துணி சுற்றியிருந்தார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அறைக்குள் வந்தவர், உள்ளே உட்கார்ந்திருந்த புதிய பெண்மணியைப் பார்த்ததும் நின்றார். திரை எரிந்துகொண்டிருந்தது. அதில் நீல எழுத்தில் முப்பத்தொன்று.

மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவர் ஓடவில்லை. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"நீங்க பேச வேண்டாம்," என்றாள் ஆபரேட்டரம்மா. "நான் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. பேச முடியாம போன் பண்றவங்க உண்டு. ஆமான்னா ஒரு தட்டு, இல்லேன்னா ரெண்டு தட்டுன்னு சொல்லுவேன். தட்டறீங்களா?"

அவர் மேசையை ஒரு முறை தட்டினார்.

"ஆபரேஷனா?"

ஒரு தட்டு.

"வீட்ல யாராவது இருக்காங்களா?"

இரண்டு தட்டு. இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி இருந்தது.

"குரல் போச்சுன்னு சொன்னா இங்க வர வேண்டாம்னுடுவாங்கன்னு பயந்தீங்க. மூணு மணிக்கு வேற எங்க போறதுன்னு தெரியல."

விரல்கள் மேசையில் விரிந்தபடி கிடந்தன. பிறகு ஒரு தட்டு.

"டிஸ்க் ரொம்பும்னு உங்களுக்குத் தெரியாது. சரி. ஆனா பழி அடுத்த ஆள் மேல விழுந்திருக்கு. அது தெரியுமா?"

அவர் நிமிர்ந்தார். முகத்தில் உண்மையாகவே திகைப்பு. இரண்டு தட்டு, வேகமாக.

அவருக்கு எப்படித் தெரியும்? அவரிடம் யார் பேசினார்கள், சொல்வதற்கு?

"உங்களுக்கு அடுத்து நாலு மணிக்கு வாசிக்கறவங்க. அஞ்சு மணிக்கு அவங்க நேரத்தப் பிடுங்கப் போறாங்க. அவங்களுக்கும் வேற எங்கயும் போக எடம் இல்ல சார். நானே போய்ச் சொல்லிடலாம். ஆனா நீங்க சொல்லுங்க."

கணீர் சார் எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். வெளியே தாழ்வாரத்தில் செயலாளரும் தையல்காரம்மாவும் திருப்புளியும் நின்றிருந்தார்கள். அவர் கழுத்துத் துணியை இறக்கினார். மூச்சு இழுத்தார். அந்த மூச்சு உள்ளே போக எவ்வளவு நேரமானது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"நான்தான்," என்றார்.

தகரம் கிழிந்தது. பக்கத்து அறையில் ஏதோ தட்டச்சு ஓசை நின்றது. செயலாளர் சாவிக்கொத்தைக் கீழே போட்டார். எடுக்கத் தோன்றவில்லை அவருக்கு.

தையல்காரம்மாதான் முதலில் பேசினாள். குரலில் கோபம் இருந்தது. "முப்பத்தெட்டு நிமிஷம். நிலத்தடி நீர்ப் பாடம் முழுசும். மறுபடி மொதல்லேருந்து வாசிக்கணும் நான்."

அவர் தலை குனிந்து நின்றார்.

"எனக்கு எங்க தப்பு விடறேன்னே தெரியறதில்ல. எட்டு வருஷமா தனியா வாசிக்கறேன், எதிர்ல புத்தகத்த வெச்சுட்டு சரிபாக்க ஒரு ஆள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. ஆள் இல்ல ஆள் இல்லங்கறார் இவர்." அவள் செயலாளரைப் பார்த்தாள். பிறகு கணீர் சாரை. "நாளைக்கு நாலு மணிக்கு ஒரு பென்சில் எடுத்துட்டு வாங்க. பேச வேண்டாம். தப்பா வாசிச்சா மேசையில தட்டுங்க. பதமாத் தட்டணும், மைக்ல ஏறும்."

அவர் சுவரை ஒரு முறை தட்டினார். கம்பளி இல்லாத சுவர். நன்றாகக் கேட்டது.

*

ஐந்து மணிக்குள் வேலை முடிந்தது. மற்ற ஃபோல்டர்களையும் மறுபடி சுருக்க வேண்டியிருந்தது. "டிக்க எடுத்த கையே போடட்டும்," என்றான் திருப்புளி. கணீர் சார் மௌஸைப் பிடித்து அந்தச் சின்னக் கட்டத்தில் டிக் வைத்தார்.

"முப்பத்தொண்ணுல இருக்கறத அழிச்சுடவா சார்?"

ஒரு தட்டு.

"இந்தப் பத்து எம்பியையும் சேத்தா?"

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ படியிறங்கிப் போகும் ஓசை கேட்டது. இரண்டு தட்டு.

"இருக்கட்டும். இதுக்கு எடம் இல்லேன்னு யாரு சொன்னா," என்றான் திருப்புளி. மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

ஆபரேட்டரம்மா தனியே வீடு திரும்பினாள். காலையில் மடித்து வைத்த துணிகள் கட்டிலில் அப்படியே இருந்தன. அவற்றை அலமாரியில் அடுக்கப் போனவள், அடுக்காமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போனைக் கையில் எடுத்தாள். இருபத்தாறு வருடம் ஊரையெல்லாம் இணைத்துவிட்டவளுக்கு, காரியம் இல்லாமல் ஒரு எண்ணை அழுத்துவது எப்படி என்று தெரியவில்லை. அழுத்தினாள்.

"சொல்லுங்கக்கா," என்றான் திருப்புளி. பின்னால் பாத்திரம் விழும் சத்தமும் அவன் மனைவி திட்டும் சத்தமும் கேட்டன. "என்ன, அடுத்த கேஸா?"

"இல்ல. சும்மாதான்."

மறுமுனையில் ஒரு கணம் ஒன்றும் இல்லை. மூன்றாம் வகை மௌனம்.

"சும்மாவா? அக்கா, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? காய்ச்சலா? கதவத் தாழ்ப்பாள் போடாம வைங்க, இதோ வந்துட்டே இருக்கேன்."

"ஒண்ணும் இல்லப்பா. இன்னிக்கு நீ சொன்ன அந்த வெள்ளையடிக்கற கதைய இன்னொரு தடவ சொல்லேன்."

அவன் சொல்லத் தொடங்கினான். இந்த முறை தெரு இன்னும் நீளமாக இருந்தது, சுண்ணாம்பு வாளி இரண்டாகியிருந்தது. அவள் இடையிடையே "ம்" என்றாள்.